பிரிட்ஜுக்கு ஒரு ஜோடி செருப்பு

வீட்டுக்குள் நுழையும்போது காபி கொடுத்து வரவேற்பார்கள். வெளியே வரும்போது அந்தக் காபியைத் திருப்பிக் கேட்கலாமா என்று யோசிப்பார்கள். வீடு வீடாகப் போய் வயரிங் ஒழுங்காக இருக்கிறதா என்று சோதித்துச் சொல்லும் என் தொழிலின் லட்சணம் இதுதான்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் ஒரு ஸ்கூட்டரில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். டிப்ளமோ படித்திருக்கிறேன், லைசென்ஸ் இருக்கிறது, பை நிறைய மீட்டர்கள் இருக்கின்றன. இருந்தும் கதவைத் திறப்பவர்கள் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "எலக்ட்ரீஷியன் வண்டிய நிறுத்திட்டு வராராம்மா?" என்றுதான் கேட்பார்கள். நான்தான் என்று சொன்னதும் ஒரு முகம், சோதித்து முடித்து ஃபெயில் என்று சொன்னதும் இன்னொரு முகம். இந்தப் பக்கத்தில் எனக்கு 'ஃபெயில் மேடம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. இந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவும் பழகிவிட்டேன்.

உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாமெல்லாம் ஒரே கட்சி. பாத்ரூம் சுவிட்சை முழங்கையால் போடுகிறவர்கள், கிரைண்டரைத் தொடுவதற்கு முன் கையைப் புடவையில் துடைத்துக்கொள்கிறவர்கள், சுர்ரென்று இழுத்தால் "ஷாக்கெல்லாம் இல்ல, லேசா ஒரு இது" என்று சொல்கிறவர்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு 'இது' இருக்கும். மறைக்காதீர்கள், எனக்குத் தெரியும்.

ஆடு நின்ற இடம்

முதலில் ஒரு சின்னச் சம்பவம். குமராட்சிப் பக்கம் ஒரு வீட்டில் எர்த் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். மெஷினில் கரண்டு கசிந்தால் அது நம் உடம்பில் ஏறாமல் நேராக மண்ணுக்குள் இறங்குவதற்காகப் புதைத்து வைக்கும் குழாய்தான் எர்த். வீட்டுக்காரர் பெருமையோடு பின்பக்கம் அழைத்துப்போனார். குழாய் இருந்தது. குழாயில் ஒரு கயிறு இருந்தது. கயிற்றின் அடுத்த முனையில் ஒரு கிடா நின்றுகொண்டு என்னை முறைத்தது. வீட்டிலிருந்து குழாய்க்கு வரவேண்டிய ஒயரை மட்டும் காணவில்லை.

ஒயர் எங்கே என்றால், ஆடு கடித்துவிட்டதாம். கடித்த நேரத்தில் வீட்டில் கரண்டு கசியவில்லை, கிடாவுக்கு நல்ல ஆயுசு. எர்த் ஃபெயில் என்றேன். மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. குழாயை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக் காட்டினார். அது அசையவில்லை. "ஃபெயிலுன்னா என்னாம்மா அர்த்தம்? இத்தினி வருசமா ஒரு ஆடாவது அவுத்துக்கிட்டு ஓடியிருக்குதா?"

சம்பந்திக்கு விழுந்த அடி

இனி வருவதெல்லாம் ஒரே வீட்டுக் கதை. கடலூர் முதுநகரில் தேவராஜ் என்று ஒரு தையல்காரர் இருக்கிறார். பாதிரியார்களுக்கு அங்கி தைப்பதில் கை தேர்ந்தவர். மனைவி பிலோமினா. ஒரே மகள் ரெஜினாவைச் சிதம்பரத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் லூர்துசாமியின் மகனுக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். ரெஜினாவுக்கு வெகுநாள் குழந்தை இல்லை. கோயில் கோயிலாகப் போய், டாக்டர் டாக்டராகப் பார்த்து, எல்லோரும் அந்தப் பேச்சையே விட்டுவிட்ட பிறகு அவள் உண்டானாள்.

வளைகாப்புக்கு நாள் குறிக்க லூர்துசாமி முதுநகர் வந்தார். நல்ல வெயில். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், உரிமையோடு தானே போய்க் குளிர்ந்த தண்ணீர் எடுக்க பிரிட்ஜின் கைப்பிடியைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் உதறிக்கொண்டு சாப்பாட்டு மேஜைமேல் வந்து விழுந்தார். கனமான ஆள், மேஜையின் ஒரு கால் போயிற்று.

அந்த வீட்டு பிரிட்ஜுக்கு முன்னால் எப்போதும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கும். வீட்டில் யாராக இருந்தாலும் அதில் காலை நுழைத்துக்கொண்டுதான் பிரிட்ஜைத் திறப்பார்கள். பழகிப்போய், அது ஏன் அங்கே கிடக்கிறது என்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்த லூர்துசாமி தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "இந்த வூட்டுக்கு என் மருமவளப் பிரசவத்துக்கு அனுப்ப மாட்டேன். முறையா செக் பண்ணி பாஸ்னு ஒரு ஆள் சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று கிளம்பிவிட்டார். அப்படித்தான் எனக்கு போன் வந்தது. முதல் பிரசவத்துக்கு மகள் தாய்வீட்டுக்கு வரமுடியாமல் போவது பிலோமினாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான் போனபோது கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"வந்தவருகிட்ட செருப்பப் போட்டுக்கச் சொல்லியிருக்கலாமே?" என்று தேவராஜிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவுரு சம்பந்தியாச்சேம்மா! வூட்டுக்குள்ள செருப்பு போட்டுக்கிட்டு நடங்கன்னு சொன்னா மரியாதையா இருக்குமா?"

அணையாத லைட்டு

சோதனையை ஆரம்பித்தேன். கடல்காற்றும் உப்புமண்ணும் சேர்ந்து எர்த் குழாயைத் தின்றுவிட்டிருந்தன. மேலே தெரிந்த துண்டை இழுத்தேன், பிடுங்கிய முள்ளங்கி போலக் கையோடு வந்தது. பிரிட்ஜின் பிளக்கில் எர்த்துக்கான மூன்றாவது பின்னை யாரோ வெட்டி எறிந்திருந்தார்கள். இதெல்லாம் எனக்குப் புதிதில்லை. மெயினை அணைத்துவிட்டு ஒயர்களைப் பார்க்கலாம் என்று அணைத்தேன். ஃபேன் நின்றது, டிவி நின்றது, தேவராஜின் அயர்ன்பாக்ஸ் நின்றது. கூடத்தில் இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் இருந்த சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

மெயினை அணைத்தும் ஒரு பல்பு எரிகிறது என்றால், அதற்கு மீட்டரைத் தாண்டியதும் மெயினுக்கு முன்னாலேயே ஒயர் இழுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த ஒயரில் ஏதாவது ஆனால் வீட்டுக்குள் இருக்கிற எந்த சுவிட்சாலும் அதை அடக்க முடியாது. மறுபடியும் மெயினைப் போட்டு, மறுபடியும் அணைத்தேன். ஆண்டவர் அசையவில்லை.

காபி டம்ளரோடு வந்த பிலோமினா நான் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு, விருந்தாளிக்கு ஊர் விவரம் சொல்கிற தோரணையில் சொன்னார். "அது நிக்காதும்மா. நீ உன் வேலையப் பாரு. அது ஆண்டவரோட லைட்டு."

சூசை போட்ட டைரக்ட்

அந்த வீட்டின் மின்சார மந்திரி பிலோமினாவின் தம்பி சூசை. ஃபேன் மாட்டுவது முதல் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டுவது வரை அவர்தான். நான் வந்திருப்பது தெரிந்து மீசையை நீவிக்கொண்டு வந்துவிட்டார். மெயின் பெட்டியைத் திறந்து காட்டி, "இதெல்லாம் யார் வேலை?" என்று கேட்டேன். பெட்டிக்குள் டிரிப்பர் இருந்தது. அதன் தலையைச் சுற்றிக்கொண்டு ஒரு ஒயர் நேராகப் போனது. டிரிப்பருக்கு வேலையே கொடுக்காமல் கரண்டைப் பக்கவாட்டில் கடத்தியிருந்தார். இதற்கு எங்கள் பக்கத்தில் 'டைரக்ட்' என்று பெயர்.

டிரிப்பர் என்ன செய்யும் என்பதை ஒரு நிமிஷம் கேளுங்கள். பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகிற டீச்சர் மாதிரி அது. போன தலை எத்தனை, வந்த தலை எத்தனை என்று எண்ணிக்கொண்டே இருக்கும். வரவில் கொஞ்சம் குறைந்தால், கரண்டு எங்கேயோ வழிதவறி யார் உடம்பிலோ ஏறிவிட்டது என்று கண்ணிமைக்கும் முன் தானே விழுந்து எல்லாவற்றையும் அணைத்துவிடும். இந்த வீட்டில் ஆண்டவர் லைட்டுக்குப் போகிற கரண்டு டீச்சருக்குத் தெரியாமல் முன்னாலேயே கிளம்பிவிடுகிறது, திரும்பும்போது மட்டும் டீச்சரின் வரிசையில் வந்து நிற்கிறது. கூட்டிப்போகாத பிள்ளை திரும்பி வந்தால் எந்த டீச்சர்தான் பதற மாட்டாள்? மாட்டிய நாளிலிருந்து டிரிப்பர் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. அந்த வீட்டு மெயின் போகிற வழியை மட்டும்தான் அடைக்கும், டிரிப்பர் திரும்பும் வழியையும் அடைக்கும்; அதனால் அது விழும்போதெல்லாம் ஆண்டவர் லைட்டும் அணைந்திருக்கிறது. அக்கா அழ, தம்பி டைரக்ட் கொடுத்துவிட்டார்.

இதை நான் விளக்க விளக்க தேவராஜுக்குக் கோபம் வந்தது. "என்னா மச்சான், உயிரக் காப்பாத்துற சாமானையா கட்டிப் போட்டு வச்சிருக்க?" என்று கத்தினார். சூசை அலட்டிக்கொள்ளவில்லை. "பொட்டியில டிரிப்பரும் இருக்குது மாமா, அக்கா மூஞ்சியில சிரிப்பும் இருக்குது. வேற என்னா வேணும் உங்களுக்கு?"

யார் கணக்கு?

எர்த் புதிதாகப் புதைக்கலாம், பிளக் மாற்றலாம், டைரக்ட்டை எடுத்துவிடலாம். ஆனால் லைட்டின் ஒயரை இடம் மாற்றாவிட்டால் டிரிப்பர் விழாமல் நிற்காது. இடம் மாற்ற வேண்டுமென்றால் லைட்டைக் கொஞ்ச நேரம் அணைத்தாக வேண்டும். இதைச் சொன்னதுதான் தாமதம், பிலோமினா படத்துக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். அது சும்மா லைட்டு இல்லையாம், பொருத்தனை. ரெஜினாவுக்கு ஒரு குழந்தையைக் கொடுத்தால், அது பிறந்து ஞானஸ்நானம் வாங்குகிற வரைக்கும் இந்த லைட்டு அணையாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். கொடுத்த பிறகுதான் அவள் உண்டாகியிருக்கிறாள். இப்போது போய் அணைப்பதா?

லைட்டு எரிந்தால் வீடு ஃபெயில், மகள் வரமுடியாது. லைட்டை அணைத்தால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அம்மாவுக்குப் பயம். இரண்டும் ஒரே பிள்ளைக்காக. மெழுகுவத்தி ஏற்றி வைப்போமா என்று கேட்டேன், முறைத்தார். பாட்டரி லைட்டு வைப்போமா என்று கேட்டேன், காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ரெஜினா போனில் அழுதாள், தேவராஜ் சாப்பிடாமல் படுத்தார். எனக்கும் கோபம்தான். பத்துப் பேர் வீட்டைக் கூசாமல் ஃபெயில் பண்ணுகிற நான் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பிடம் தோற்று நிற்கிறேன்.

ஆற்றமாட்டாமல் கேட்டேன். "ஏம்மா, மாசா மாசம் கரண்டு கட் பண்றாங்களே, அப்ப இது அணையத்தான செய்யுது? அப்ப மட்டும் பொருத்தனை என்னா ஆவுது?" பிலோமினா இதற்கு வெகுநாள் முன்னாலேயே விடை கண்டுபிடித்து வைத்திருந்தார். "கரண்டு கட்டு அவுங்க பண்றது. அது அவுங்க கணக்கு. நான் கைய வச்சு அணைச்சாதாம்மா என் கணக்குல வரும்."

நானும் தேவராஜும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர்

பராமரிப்புக்காக முதுநகரில் காலையிலிருந்து மின்தடை என்று வாட்ஸ்ஆப்பில் செய்தி வந்த நாளில், ஊரே திட்டிக்கொண்டு எழுந்தது. நாங்கள் மட்டும் சிரித்துக்கொண்டு எழுந்தோம். சூசையைக் குழி வெட்ட வைத்தேன். தண்டனை என்று அவருக்குத் தெரியும், மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். கரண்டு போனது. ஆண்டவர் லைட்டு தானாக அணைந்தது. பிலோமினா படத்தைப் பார்த்து சிலுவை போட்டுக்கொண்டு, "பாத்தீங்கல்ல, நான் ஒண்ணும் பண்ணல" என்று சத்தமாகவே சாட்சி சொன்னார்.

ஒரு சிக்கல் இருந்தது. வேலைக்கு நடுவில் கரண்டு திரும்பி வந்தால் நாங்கள் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்பதால் மீட்டர் பக்கத்து பியூஸைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். அதாவது, ஊருக்குக் கரண்டு வந்துவிட்டால் அதற்கப்புறம் லைட்டு இருட்டாக இருப்பது எங்கள் கணக்கு. கரியும் உப்பும் கொட்டிப் புது எர்த் இறக்கினோம். டைரக்ட்டைப் பிடுங்கினேன். லைட்டின் ஒயரை டீச்சர் கண்ணில் படுகிற வரிசைக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். கடைசி ஸ்குரூ பாக்கி. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடத் தொடங்கியது. அடுப்படியிலிருந்து பிலோமினா ஓடி வந்தார். "கரண்டு வந்துடுச்சா? வந்துடுச்சா?"

ஸ்குரூ என் கையிலிருந்து நழுவி உருண்டது. தேவராஜ் மட்டும் அளவெடுக்கும் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சாவகாசமாக, "அவங்க வூட்ல இன்வெர்ட்டர்டி" என்றார். பிலோமினா நம்பி அடுப்படிக்குத் திரும்பினார். நான் ஸ்குரூவைத் தேடிப்பிடித்து முறுக்கி, பியூஸைச் சொருகி, மெயினைப் போட்டேன். லைட்டு எரிந்தது, டிரிப்பர் விழாமல் நின்றது. எல்லாவற்றையும் மறுபடி அளந்து பார்த்து முதல்முறையாக அந்த வீட்டுக்கு பாஸ் போட்டேன். இனிமேல் டிரிப்பர் விழுந்தால் லைட்டும் சேர்ந்து அணையும் என்று பிலோமினாவிடம் மறைக்காமல் சொன்னேன். யோசித்துவிட்டு, அது மெஷின் கணக்கு என்று ஒத்துக்கொண்டார். பிரிட்ஜ் செருப்பைக் கழுவித் துடைத்துப் பரணில் வைத்தார். எதற்கும் இருக்கட்டுமாம்.

வாசலில் ஸ்கூட்டரை எடுக்கும்போது தேவராஜிடம், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன இன்வெர்ட்டர் வைத்திருக்கிறார்கள் என்று தொழில் ஆர்வத்தில் கேட்டேன். அவர் அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "இன்வெர்ட்டரும் இல்ல ஒண்ணும் இல்லம்மா. அந்தப் பொய் என் கணக்கு, நான் ஃபாதர்கிட்ட தனியா பேசிக்கிறேன்."

குழந்தைக்குக் காய்ச்சிய தண்ணீர்

வளைகாப்பு முடிந்து ரெஜினா முதுநகர் வந்தாள். ஆண் குழந்தை பிறந்தது. நான் இனிப்பு வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். உங்களைப்போலத்தான் அவர்களும். சோதனைக்கு ஆள் வருகிறாள் என்றால் சில சாமான்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவீர்கள் இல்லையா? பக்கெட்டுக்குள் போட்டுத் தண்ணீர் காய்ச்சுகிற ஹீட்டர் ராடு ஒன்றை அப்படித்தான் பிலோமினா என் கண்ணில் படாமல் பாதுகாத்து வைத்திருந்தார்.

ஒரு நாள் காலையில் குழந்தையைக் குளிப்பாட்ட ஏற்பாடு. ரெஜினா ஈரத்தரையில் மணை போட்டு, காலை நீட்டி, பிள்ளையைக் காலில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பக்கெட், அதில் ராடு. சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க பிலோமினா வழக்கம்போல சுவிட்சை அணைக்காமலேயே தண்ணீரில் கையை விட்டார். ராடு எங்கேயோ விண்டிருக்கிறது. சுருக்கென்று முழங்கை வரைக்கும் ஏறியதாம். அதே நொடியில் கூடத்துப் பெட்டியில் டப் என்று ஒரு சத்தம். வீடு முழுக்க நின்றுபோனது. இருதய ஆண்டவர் படத்து லைட்டும் அணைந்தது. பிள்ளைக்கு எதுவும் தெரியாது, அது பாட்டுக்குக் காலை உதைத்துக்கொண்டிருந்ததாம்.

எனக்கு போன் வந்தபோது ஆலப்பாக்கம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். கேட்டதும் வண்டியை ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சூசையின் அந்த ஒரு முழ ஒயர் இன்னும் பெட்டியில் இருந்திருந்தால்? திட்டலாம் என்றுதான் போனேன். ராடு ஏற்கெனவே உடைத்துக் குப்பையில் கிடந்தது. பிலோமினா படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். லைட்டை இன்னும் யாரும் போடவில்லை. அணைந்ததற்காக அழுகிறார் என்று நினைத்து, அது மெஷின் கணக்கும்மா என்று ஆரம்பித்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "இது மெசின் கணக்கு இல்ல கண்ணு. தன் லைட்ட அணைச்சுட்டு என் கையப் புடிச்சுக்கிட்டாரு ஆண்டவரு."

சிதம்பரத்து மெத்தை

குழந்தையோடு சிதம்பரம் திரும்புகிற நாள் நெருங்கியபோது ரெஜினாவிடமிருந்து போன். "மேடம், எங்க மாமனார் வூட்டையும் ஒருவாட்டி பாத்துடுங்க. நான் சொன்னேன்னு சொல்ல வேணாம்." எனக்கு உள்ளுக்குள் குறுகுறுத்தது. மற்றவர் வீட்டுக்குப் பரீட்சை வைத்தவர் வீட்டுக்குள் போவதென்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது?

லூர்துசாமி என்னை மாலை போடாத குறையாக வரவேற்றார். வீடு பெரிது. எங்கு பார்த்தாலும் கிரானைட். பிரிட்ஜுக்கு முன்னால் செருப்பு கிடையாது. அழகான ஒரு தேக்குப் பலகை இருந்தது. வாஷிங்மெஷினுக்கு முன்னால் ரப்பர் மேட், அதன்மேல் இன்னொரு ரப்பர் மேட். இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். "காலுக்கு மெத்துனு இருக்கத்தான்" என்றார். மேட்டைக் காலால் நகர்த்திவிட்டு மீட்டரை வைத்தேன். மெத்தென்று இல்லை, சுர்ரென்று இருந்தது. எர்த் ஒயர் வீடு முழுக்க லட்சணமாக ஓடி, வாசல் வரைக்கும் வந்து, அந்தரத்தில் நின்றது. வாசலுக்கு டைல்ஸ் போட்டபோது எர்த் குழாய் அசிங்கமாக நீட்டிக்கொண்டிருந்தது என்று பிடுங்கி எறிந்துவிட்டாராம்.

டைல்ஸை உடைத்து மறுபடி குழி எடுக்க வேண்டும் என்றேன். இத்தாலி டிசைன் டைல்ஸ், உடைக்க முடியாது என்றார். அப்படியானால் ஃபெயில் என்றேன். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "ஃபெயிலா? ஊரான் வூட்ட ஃபெயில் பண்ணச் சொல்லி அனுப்புனதே நான்தாம்மா, எனக்கேவா?"

தட்டில் வைத்த சீர்

முதுநகர் கோயிலில் ஞானஸ்நானம் நடந்தது. பொருத்தனை நிறைவேறி, பிலோமினா முதல்முறையாகத் தன் கையால் அந்த லைட்டை அணைத்து, உடனே மறுபடி போட்டார். விட மனசில்லையாம். மருமகளையும் பேரனையும் அழைத்துப்போக லூர்துசாமியும் அவர் மனைவியும் கார் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். வாசல் டைல்ஸைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. ரெஜினாவிடம் நான் அன்றைக்கே சொல்லிவிட்டது தெரியாமல், எல்லோரும் மறந்துவிட்டோம் என்று நினைத்திருப்பார். எனக்கும் விருந்துக்கு அழைப்பு. பிரியாணி நன்றாக இருந்தது.

சீர் வைக்கிற நேரம் வந்தது. தொட்டில், வெள்ளிக் கொலுசு, பழம், பலகாரம் என்று தட்டுத் தட்டாக வந்தன. கடைசித் தட்டைப் பிலோமினாவே தூக்கி வந்து சம்பந்தி கையில் கொடுத்தார். ஜிகினாத்தாள் சுற்றிய பெட்டி. லூர்துசாமி சந்தோஷமாகப் பிரித்தார். உள்ளே கழுவித் துடைத்த ஒரு ஜோடி ரப்பர் செருப்பு இருந்தது. சூசை சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார். தேவராஜ் கூரையைப் பார்த்தார். ரெஜினா பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு, எழுந்திருக்கிற உத்தேசமே இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். பிலோமினா மட்டும் மரியாதை கொஞ்சமும் குறையாமல், புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னார்.

"உங்க வூடு பாஸாவுற வரைக்கும் பிரிட்ஜத் தொறக்கறப்ப இதப் போட்டுக்குங்க சம்பந்தி. புள்ளையும் அவளும் அதுக்கப்புறம் வருவாங்க."

மறுநாளே சிதம்பரத்தில் இத்தாலி டைல்ஸ் உடைபட்டது என்று கேள்விப்பட்டதிலிருந்து, மீட்டரை மறந்தாலும் மறப்பாளே தவிர, பையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு இல்லாமல் இந்த ஃபெயில் மேடம் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை.